அப்பாவுக்கு எழுபது: குத்தாலத்திலிருந்து திருக்கடையூருக்கு

அப்பாவுக்கு ஆவணி விசாகம். இந்த முறை அது சனிக்கிழமை வந்தது. எழுபதுக்கான பீமரத சாந்தியைத் திருக்கடையூரில் செய்துவிடலாம் என்று தம்பி கோயம்புத்தூரிலிருந்து சித்திரை மாதமே சொல்லிவிட்டான். அதற்குள் சித்தப்பா வீட்டிலிருந்து பத்திரிகை வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அனுஷத்தில், கும்பகோணத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். சனிக்கிழமை சாயங்காலமே மாப்பிள்ளை அழைப்பு. காலையில் ஒரு ஊரில் ஹோமம், மாலையில் இன்னொரு ஊரில் நாதஸ்வரம். இரண்டுக்கும் நடுவில் எழுபது வயது அப்பா, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன அம்மா.

சிங்கப்பூரிலிருந்து நானும் என் மாமியாரும் மட்டும் போனோம். மகனுக்கு இது பி.எஸ்.எல்.இ. எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வருஷம், அவனையும் அவன் அப்பாவையும் அசைக்க முடியவில்லை. மாமியார் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மாமனாருக்கு அடுத்த வருஷம் எண்பது. சதாபிஷேகத்தை எங்கே, எப்படிச் செய்வது என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்றார். அதனால் இந்தப் பயணம் முழுக்க ஒவ்வொரு இடத்தையும் வயதானவர்களின் கால், மூச்சு, பசி, கழிப்பறை இவற்றை வைத்தே பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்கு விசேஷம் செய்யப் போகும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜூன் மாதத்திலிருந்து இயங்குகிறது. பழைய கட்டடத்தின் நெரிசலை அனுபவித்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. டிக்கெட் எடுக்கும்போதே மாமியாருக்குச் சக்கர நாற்காலி கேட்டு வைத்திருந்தோம். விமானத்தை விட்டு இறங்கியதும் ஒரு பெண் ஊழியர் நாற்காலியோடு நின்றார். குடிநுழைவு வரிசை, பெட்டி எடுக்கும் இடம், வாசல், மூன்றும் சிரமமில்லாமல் முடிந்தன. அந்தப் பெண் வழியெல்லாம், "பாட்டி, தண்ணி வேணுமா, பாத்ரூம் போகணுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். கேட்டது அவர் வேலையாகவே இருக்கட்டும், கேட்ட விதம் நன்றாக இருந்தது.

ரயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. முகூர்த்த வாரம் என்றால் அந்த 60-ஆவது நாள் காலையிலேயே உட்கார வேண்டும். தத்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தத்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவர்கள் ஊருக்கு வந்ததும் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம், 182 நாள் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நமக்கு இல்லை. இதுவரை எடுக்காதவர்கள் அடுத்த பயணத்தில் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது நின்றதுதான். அதைத் திரும்பத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் செலவில் அது பெரிய தொகை.

நாங்கள் அப்பா பேசி வைத்திருந்த காரில் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக அப்பா அம்மா இருக்கும் குத்தாலம் வந்தோம். வண்டி உயரமானது. டிரைவர் தம்பி பின்பக்கத்திலிருந்து ஒரு மரப்பலகையை எடுத்துப் படி மாதிரி கீழே போட்டு, மாமியாரின் கையைப் பிடித்து ஏற்றினார். ஆஸ்பத்திரி சவாரி நிறைய ஓட்டுகிறாராம். அந்தப் பலகை வண்டியிலேயேதான் இருக்கும் என்றார். மூன்று நாளும் அவரையே வைத்துக்கொண்டோம்.

பணப் பரிமாற்றம் சுலபமாகிவிட்டது. சிங்கப்பூர் கைபேசி எண்ணோடு இணைந்த என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) இருந்தால் யூ.பி.ஐ. வேலை செய்கிறது. சிங்கப்பூர் தவிர வளைகுடா நாடுகள் சில, அமெரிக்கா, கனடா, பிரிட்டன் எண்களுக்கும் இந்த வசதி உண்டு. பூக்காரரிலிருந்து பந்தல்காரர் வரை எல்லாருக்கும் கைபேசியில் கொடுத்தேன். ஆனால் குருக்களின் தட்சிணைக்கும் தாம்பூலத்துக்கும் புது நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதை வங்கியில் கேட்டு வாங்க அரை நாள் ஆகிறது.

வெள்ளிக்கிழமை காலை வீட்டில் இரண்டு பேர் வந்து போனார்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அப்பா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்நாட்டில் ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட, ஓய்வு பெற்ற மாதத்தில் வருடா வருடம் நேர்காணல் செய்ய வேண்டும். அப்பாவுக்கு அது ஆகஸ்ட். கல்யாண அலைச்சலில் கருவூலத்துக்குப் போய் நிற்க முடியாது என்று அம்மாவுக்கு ஒரே கவலை. தபால்காரரிடம் சொன்னால் அவரே வீட்டுக்கு வந்து மின்னணு உயிர்வாழ் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிறார். கட்டணம் 70 ரூபாய்.

வந்தவர் ஒரு பெண். திண்ணையில் உட்கார்ந்து ஆதார் எண்ணையும் பி.பி.ஓ. எனும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் பதிந்தார். கைரேகைக் கருவியில் அப்பா பெருவிரலை வைத்தார், விழவில்லை. ஈரத் துணியால் துடைத்து மறுபடி வைத்தார், விழவில்லை. வாய்க்கால் கரையிலும் மதகு ஷட்டரிலும் காலம் பூராவும் புழங்கிய கை, ரேகை வழுவழுவென்று ஆகிவிட்டது. அந்தப் பெண் கொஞ்சமும் அலுத்துக்கொள்ளவில்லை. "அவசரமே இல்லைங்கய்யா, அடுத்த விரலை வைங்க" என்று ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். இடது கை நடுவிரலில் பச்சை விளக்கு எரிந்தது. "இந்த விரல ஞாபகம் வச்சுக்குங்க, அடுத்த வருஷம் நேரா இதையே வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர் அக்கா. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அம்மாவுக்கு அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. "நாளைக்கு ஹோமம்னு மாத்திரைய விட்டுடாதீங்கம்மா. வெறும் வயித்துல புகையில உட்காரக் கூடாது, ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். விசேஷம் முடியும் வரை ஒன்றும் சாப்பிடக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. நாங்கள் ஒரு வாரமாகச் சொல்லியும் கேட்காதவர், அந்த அக்கா சொன்னதும் சரி என்றார். மாதாமாதம் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் என்பதால்தான். வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இப்படி ஒருவர் ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய துணை! அவர் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டேன்.

திருக்கடையூருக்கு வருகிறேன். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர் தாண்டி, தரங்கம்பாடி போகும் சாலையில் இருக்கிறது. மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம். அறுபதும் எழுபதும் எண்பதும் அங்கே நாள் தவறாமல் நடக்கின்றன, முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை. அதனால் ஊரே அதைச் சுற்றித்தான் இயங்குகிறது. தங்கும் விடுதி, மண்டபம், மாலை, சமையல், போட்டோ, எல்லாம் சேர்த்து ஒரே தொகைக்கு ஏற்பாடு செய்து கொடுக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

தம்பி அப்படி ஒரு விடுதியில்தான் பேசி வைத்திருந்தான். பெயர் வேண்டாம். தரைத்தளத்தில் அறை, முதியவர்களுக்கு ஏற்ற குளியலறை என்று போனில் உறுதி சொன்னார்கள். சனிக்கிழமை விடியற்காலை நாங்கள் போய் இறங்கியபோது கொடுத்தது இரண்டாம் மாடி. லிஃப்ட் இல்லை. கீழே இருந்த அறை வேறு குடும்பத்துக்குப் போய்விட்டதாம். முன்பணம் வாங்கும்போது இருந்த குழைவு அப்போது இல்லை. முட்டி வலியோடு அம்மா படிக்கட்டைப் பார்த்து நின்றதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. எழுபது வயதுக்காரர்களுக்குத்தான் விசேஷம் என்று தெரிந்தே தொழில் செய்கிறவர்கள், மாடியில் அறை கொடுப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

காப்பாற்றியவர் எங்கள் குருக்கள். விஷயத்தைக் கேட்டதும் சன்னதித் தெருவில் தெரிந்தவர் வீட்டு முன்னறையைத் திறந்துவிடச் சொன்னார். மேற்கத்திய கழிப்பறை, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வெந்நீர். அம்மா அங்கேயே புடவை மாற்றிக்கொண்டு, சொன்னபடி இரண்டு இட்லியும் சாப்பிட்டார். ஆகவே போனில் கேட்டதை நம்பாதீர்கள். அறை எண்ணோடு எழுதி வாங்குங்கள், முடிந்தால் ஊரில் இருக்கும் யாரையாவது முதல் நாளே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கலசம் எத்தனை என்பதுதான் எல்லாரும் முதலில் பேசுவது. பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று கூடக் கூடச் செலவும் கூடுகிறது, உட்கார்ந்திருக்கும் நேரமும் கூடுகிறது. அப்பா பதினாறு போதும் என்றார். அது நல்ல முடிவு. வெளிநாட்டுப் பணம் இருக்கிறதே என்று நாம் பெரிதாகக் கேட்டுவிடலாம், புகையில் உட்காரப் போவது அவர்கள்தான். கோயில் பிராகாரத்தில் வரிசையாகப் பல குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டம். ஆவணி வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே தொடங்கச் சொல்லியிருந்தோம். மணையில் உட்கார முடியாது என்றதும் குருக்கள் இரண்டு குட்டை நாற்காலி போடச் சொன்னார். "சாஸ்திரத்துல தப்பாகாதா சாமி?" என்று அம்மா பயந்தார். "ஆயுசுக்காகப் பண்ற சாந்திம்மா. உடம்பை வருத்திண்டு யாரும் பண்ணச் சொல்லலை" என்றார். மாமியாருக்கு முகம் மலர்ந்தது.

ஹோமம் முடிந்து கலசாபிஷேகம். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, தலைக்கு மேலே தம்பி சல்லடையைப் பிடித்துக்கொண்டான். பெரியப்பா, சித்தி, பேரப்பிள்ளைகள், அப்பாவோடு வேலை பார்த்த நண்பர்கள் என்று ஒவ்வொருவராகக் கலசத்து நீரை ஊற்றினோம். மாவிலை, ஏலக்காய், பச்சைக் கற்பூர வாசனையோடு நீர் சல்லடைக் கண் வழியாக நூல் நூலாக இறங்கியது. அம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அம்மாவின் நெற்றியைத் துடைத்தார். எங்கள் முன்னால் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. போட்டோக்காரர், "சார், அதையே இன்னொரு வாட்டி பண்ணுங்க" என்று கேட்டார். தம்பி அவரைத் தள்ளி நிற்கச் சொன்னான். ஈரத்தோடு முதியவர்களை நிறுத்தி வைத்துப் படம் எடுப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. படம் எடுக்கிறவரிடம் முன்கூட்டியே கண்டிப்பாகப் பேசிவிட வேண்டும். துண்டும் மாற்றுடையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், கருங்கல் தரை ஈரத்தில் வழுக்கும், இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்.

மாங்கல்ய தாரணம், அமிர்தகடேஸ்வரர், காலசம்ஹாரமூர்த்தி, அபிராமி அம்மன் தரிசனம் எல்லாம் முடிந்து பத்து மணிக்குக் குத்தாலம் கிளம்பினோம். சாப்பாட்டை மண்டபத்தில் வைக்காமல் வீட்டுக் கொல்லையில் பந்தல் போட்டு வைத்தோம். உள்ளூர்ச் சமையல்காரர் இலைக் கணக்கில்லாமல் கூலிக் கணக்கில் வந்தார். சாமான் பட்டியலை அவர் எழுதிக் கொடுக்க, நாங்கள் வாங்கிப் போட்டோம். வாழைப்பூ வடை, அவியல், வத்தக்குழம்பு, பால் பாயசம். சர்க்கரைக்காரர்கள் யார் யார் என்று அவரே பெரியப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்கள் இலையில் பாயசத்தை ஒரு கரண்டியோடு நிறுத்தினார். தம்பி பிள்ளைகள் கேக் வெட்டியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். மயிலாடுதுறை பேக்கரியில் முட்டையில்லாத கேக் வாங்கி, சாப்பாட்டுக்கு முன்னாலேயே அப்பா வெட்டினார். அதன்பின் இரண்டு மணி நேரம் யாரும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று வாசலில் நான் உட்கார்ந்துவிட்டேன். இருவரும் நன்றாகத் தூங்கினார்கள். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்குப் போயிருக்க முடியாது.

கல்யாணம் ஞாயிறு காலை அமோகமாக நடந்தது. சித்தப்பா பெரியவர்களுக்கென்று முதல் பந்தியிலேயே உயரமான மேசை ஒரு வரிசை போட்டு வைத்திருந்தார். அம்மா தன் வயது உறவுகளோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் மாமியார் காரிலேயே குருக்களைக் கூப்பிட்டு, மாமனாரின் நட்சத்திரத்தையும் மாதத்தையும் சொல்லி நாள் குறித்துக்கொண்டார். சன்னதித் தெரு வீட்டு முன்னறைக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அந்த முறை தத்கலை நம்பாமல், 60-ஆவது நாளே குத்தாலத்துக்கு ரயில் டிக்கெட் போடும் பொறுப்பைத் தம்பி ஏற்றிருக்கிறான்.