இலவச வாட்டர் டெஸ்ட் என்று வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் போர்த் தண்ணீரோடு அல்லாடுகிறவர்கள் யாரிடமாவது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் போரில் தண்ணீர் தெளிவாகத்தான் ஏறும். பக்கெட்டில் கொஞ்ச நேரம் நின்றால் மஞ்சளாகிவிடும். போன வருஷம் மோட்டார் தள்ளுவது ரொம்பக் குறைந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஜிஐ பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அங்கங்கே பொத்தல், உள்ளே செம்பழுப்பாகக் கொழகொழவென்று ஒரு படலம். அந்தச் சமயம் பார்த்து, கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் விற்கிற ஒரு கம்பெனி ஆட்கள் இலவச டெஸ்ட் என்று வந்தார்கள்.

இரண்டு டம்ளர் தண்ணீரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார்கள். எங்கள் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் குழம்பியது, அவர்கள் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர் அப்படியே இருந்தது. அம்மா பயந்துபோனார். அது பச்சை ஏமாற்று. அந்தக் குழம்பல், கருவியில் இருக்கிற இரும்புக் கம்பியே கரைந்து வருவது. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி கரையும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் ஒன்றும் ஆகாது. அதிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் அதுவும் குழம்பும்.

அப்புறம் 'லேப் ரிப்போர்ட்' வேண்டும் என்று மொட்டைமாடித் தொட்டியின் குழாயில் ஒரு காலி வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.4, கடினத்தன்மை 500க்கு மேல், இரும்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று தாள் வந்தது. கடினநீர்தான் பிரச்சினை என்று சொல்லி, எண்பதாயிரத்துக்கு சாஃப்ட்னர் மாட்டினார்கள்.

சில மாதங்களிலேயே அதன் ரெசின் (உள்ளே கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) பழுப்பேறி அடைத்துக்கொண்டது. சர்வீசுக்கு வந்தவர், "உங்க தண்ணியில இரும்பு ஜாஸ்தி சார், 0.3க்கு மேல இருந்தா வாரண்டி கிடையாது" என்றார். உங்கள் ரிப்போர்ட்டிலேயே 0.1 என்றுதானே இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதன்பிறகு போனையே எடுப்பதில்லை. விற்கும்போது இல்லாத இரும்பு, வாரண்டி கேட்கும்போது மட்டும் எப்படி வந்தது?

அப்புறம் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஒரு ஆய்வகத்துக்குப் போனோம். அங்கிருந்த வேதியியலாளர், மாதிரி எடுத்த விதமே தப்பு என்றார். மோட்டாரை நன்றாக ஓடவிட்டு, தொட்டிக்குப் போவதற்கு முன்னால், போரின் வாயிலேயே பிடிக்க வேண்டும். தொட்டியில் இரும்பு படிந்துவிடும், பாட்டில் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் இரும்புக்குத் தனிப் பாட்டில், அதில் நைட்ரிக் அமிலம். பாக்டீரியாவுக்குக் கிருமி நீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்துக்கு. பிஎச்சை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும், ஏனென்றால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் பிஎச் ஏறிவிடும்.

அப்படி எடுத்ததில் இரும்பு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல், பிஎச் 6.4. மைக்ராஸ்கோப்பில் இரும்பு பாக்டீரியா தெரிந்தது, பைப்புக்குள் இருந்த கொழகொழப் படலத்தை உண்டாக்குவது அதுதான். பிஎச், வெப்பநிலை, கால்சியம், காரத்தன்மை, டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்பு) எல்லாம் சேர்த்து, தண்ணீர் சுண்ணாம்பு படியவிடுமா அரிக்குமா என்று காட்டும் லாங்கிலியர் குறியீடு போட்டார். பிஎச்சைக் கம்பெனி தாளில் இருந்த 7.4 என்று வைத்தால் சுண்ணாம்பு படியும் தண்ணீர், 6.4 என்று வைத்தால் அரிக்கும் தண்ணீர். ஒரே தண்ணீருக்கு நேர்மாறான முடிவு! பைப் ஏன் பொத்தலானது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்தப் படலத்துக்கு அடியில் காற்றில்லாத இடத்தில் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாவும் சேர்ந்து இரும்பைத் தின்னும் என்றார்.

எங்களுக்குத் தேவைப்பட்டது போருக்குக் குளோரின் மருந்தடிப்பு, பிவிசி பைப், இரும்பு நீக்கும் ஃபில்டர். சாஃப்ட்னர் வேண்டுமென்றால் அதற்கும் பிறகுதான். இப்போது மஞ்சள் இல்லை. ஆனால் பாக்டீரியா திரும்ப வரும், அவ்வப்போது குளோரின் போட வேண்டியிருக்கிறது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் பொதுமக்கள் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். எங்கே கொடுத்தாலும் இரும்பு, காரத்தன்மை, கால்சியம், குளோரைடு, சல்பேட் எல்லாம் கேட்டு வாங்குங்கள். டிடிஎஸ் மீட்டர் இதில் எதையும் சொல்லாது, மொத்த உப்பைத்தான் காட்டும். விற்க வருகிறவரே பரிசோதகராகவும் இருந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறோம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. முதலில் பேசிப் பார்க்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதேபோல் மாட்டிக்கொண்டவர்கள் கம்பெனி கொடுத்த ரிப்போர்ட்டையும் வாரண்டி அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எங்கள் மனுவுக்கு முக்கிய ஆதாரமே அந்த இரண்டு தாள்கள்தான்.