எல்க் + ஆன்டிலோப் காம்போ வேட்டைனு வயோமிங்ல பேக்கேஜ் விக்கிறாங்க, அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

அமெரிக்கால இருந்துட்டு வில் வேட்டைல இறங்கியிருக்க நம்மாளுங்களுக்குதான் இந்தப் பதிவு. ஊர்ல இருக்கவங்க கேஸ் ஆயிடுமேனு பயப்பட வேணாம், இங்க லைசன்ஸ் எடுத்து சட்டப்படி பண்றதுதான், 1972 வனவிலங்கு சட்டம்லாம் நம்ம ஊரோட சரி (எங்க அண்ணன் மதுரைல இருந்து ஃபோன் பண்றப்பல்லாம் "உள்ள தூக்கி போட்டுற போறாங்கடா"ங்கிறான்).

நான் இருக்கறது டென்வர் பக்கம். நானும் என் ஃப்ரெண்டும், அவன மாப்ளனே சொல்றேன், வயோமிங்ல ஒரே ட்ரிப்ல எல்க்கும் (பெரிய மான்) ஆன்டிலோப்பும் (பொட்டல்ல மேயற பிராங்ஹார்ன்) வில்லுல ட்ரை பண்ணலாம்னு ப்ளான் போட்டோம். அது நடக்காத காரியம் இல்ல, அங்க நிறைய ஏரியால ஆன்டிலோப் ஆர்ச்சரி சீசன் ஆகஸ்ட் 15லயே தொறக்குது, எல்க் ஆர்ச்சரி பெரும்பாலும் செப்டம்பர் மாசம் பூரா, அதனால செப்டம்பர் தொடக்கத்துல ரெண்டும் சேர்ந்து வரும். ராலின்ஸ் பக்கம் எடுத்துக்கிட்டீங்கனா வடக்க பூரா சேஜ்பிரஷ் புதர் பொட்டல், அதுல ஆன்டிலோப். தெக்க வண்டிய விட்டா சியரா மாட்ரே மலை, மெடிசின் போ நேஷனல் ஃபாரஸ்ட், அதுல எல்க். இந்த ஜியாக்ரஃபிய காட்டித்தான் பேக்கேஜ் விக்கிற அந்த பார்ட்டி ஆள் புடிக்கிறாங்க. பேர் இங்க போடல, இன்னும் கம்ப்ளெயிண்ட் ஓடிட்டு இருக்கு.

சொன்ன ரேட் தலைக்கு 6,500 டாலர், பாதி அட்வான்ஸ், திரும்ப கிடையாது. அதுக்கு என்னென்ன தர்றதா சொன்னாங்கன்னா, பிரைவேட் ரேன்ச்ல தண்ணி தொட்டிகிட்ட ப்ளைண்ட் (ஒளிஞ்சு உக்கார்ற கூடாரம்) போட்டு ஆன்டிலோப், அப்புறம் வில்டர்னஸ்குள்ள (ரோடு, வண்டி இல்லாம அரசாங்கம் ஒதுக்கி வச்ச காடு) கேம்ப் அடிச்சு லைசன்ஸ் கைடோட எல்க், ரெண்டுமே "பீக் டைம்ல". இந்த பீக் டைம் பேச்சே உருட்டு. தண்ணி தொட்டி வேட்டை நல்லா வேலை செய்யறது ஆகஸ்ட் வெயில்ல, மழை பெஞ்சு அங்கங்க தண்ணி நின்னுட்டா ஒண்ணு கூட தொட்டிக்கு வராது. எல்க் நல்லா பியூகில் பண்றது, அதாவது ஜோடி சேர கத்தறது, செப்டம்பர் நடுவுக்கு மேல. ஒரே வாரத்துல ரெண்டும் உச்சத்துல இருக்காது, ஒண்ணுக்கு கொஞ்சம் லேட், இன்னொண்ணுக்கு கொஞ்சம் சீக்கிரம், காம்போ போறவங்க அத ஏத்துக்கிட்டுதான் போகணும். நாங்களும் அது தெரிஞ்சேதான் போனோம்.

இப்ப மெயின் மேட்டர், டேக், அதாவது அந்தந்த மிருகத்துக்கான வேட்டை லைசன்ஸ், அப்ளை பண்ணி ட்ரால (குலுக்கல்ல) விழணும். வெளி மாநிலத்துக்காரங்களுக்கு எல்க் அப்ளிகேஷன் பிப்ரவரி ஆரம்பத்துலயே முடிஞ்சிடும், ரிசல்ட் மே மாசம். ஆன்டிலோப்புக்கு ஜூன் ஆரம்பம் வரைக்கும் டைம் இருக்கு, ரிசல்ட் ஜூன் நடுவுல. அதாவது எல்க் டேக் விழுந்து 692 டாலர் போயி, லீவும் அப்ரூவ் ஆகி, பார்ட்டிக்கு அட்வான்ஸும் போன பிறகுதான் ஆன்டிலோப் டேக் இருக்கா இல்லையானே தெரியும். இவங்க இந்த இடைவெளிலதான் பொழைக்கிறாங்க. எங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னா "எல்க்குக்கு மட்டும் நீங்க ட்ரால போடுங்க, ஆன்டிலோப்புக்கு எங்க ரேன்ச்ல லேண்ட்ஓனர் டேக் இருக்கு, அது பேக்கேஜ்லயே சேர்த்தி, நீங்க அப்ளை பண்ணவே வேணாம்"னு.

நியூ மெக்ஸிகோல எல்க்குக்கு அந்த மாதிரி லேண்ட்ஓனர் பர்மிட்ட காசு குடுத்து வாங்கலாம், அத கேள்விப்பட்டவங்க யாரா இருந்தாலும் நம்பிடுவாங்க. வயோமிங்ல கிடையாது. அங்க லேண்ட்ஓனர் லைசன்ஸ்ங்கறது குறைஞ்சது 160 ஏக்கர் வச்சிருந்து, அந்த நிலத்துல அந்த மிருகம் போதுமான அளவு மேயுதுன்னு காட்டி, அந்த ஓனரும் அவர் குடும்பமும் எடுத்துக்கறது, வெளியாளுக்கு விக்கவே முடியாது. மே கடைசில ஷயான்ல இருக்க கேம் அண்ட் ஃபிஷ் (வயோமிங் மாநில வனவிலங்கு துறை) ஆஃபீஸ்க்கு ஒரு ஃபோன் போட்டேன், எடுத்த அம்மா ரெண்டு நிமிஷத்துல தெளிவா சொல்லிட்டாங்க. அன்னைக்கு நைட்டே ரெண்டு பேருக்கும் ட்ரால அப்ளை பண்ணிட்டேன், லைசன்ஸ் 326, அப்ளிகேஷன் ஃபீ 15, விழலைனா அந்த 15 தவிர மிச்சம் திரும்ப வந்துரும். நல்ல வேளை விழுந்துச்சு. பார்ட்டிகிட்ட கேட்டா கொஞ்சம் கூட கூச்சமே இல்லாம "ஓ, அது பழைய ரூல், இப்ப எல்லாரும் ட்ராலதான் போடறாங்க"ங்கறான். சரி, டேக் காசயாவது பேக்கேஜ்ல குறைனு கேட்டா கான்ட்ராக்ட படிங்கறான்.

விட்டுட்டு போயிருக்கலாம்தான், ஆனா கைல எல்க் டேக் இருக்கு, வெளி மாநிலத்துக்காரனுக்கு அது வருஷா வருஷம் விழற சமாச்சாரம் இல்ல.

ஆன்டிலோப் எடத்துக்கு விடிய முன்னாடியே கூட்டிட்டு போனாங்க. கைடுனு வந்தவன் சின்ன பையன், பேச்சு ரொம்ப மரியாதை. ப்ளைண்ட அப்பதான் பைல இருந்து எடுக்கறான், கடை ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருக்கு. ஆன்டிலோப்புக்கு கண்ணுதான் எல்லாமே, பொட்டல்ல புதுசா ஒரு கருப்பு பொட்டி முளைச்சா நாள் கணக்கா கிட்ட வராது, முன்கூட்டியே போட்டு வச்சு பழக்கணும். சரின்னு உக்காந்தோம். வெளிச்சம் வந்ததும்தான் தெரியுது தொட்டில சொட்டு தண்ணி இல்ல! காத்தாடி பம்ப்ல ரெண்டு இறக்கை ஒடிஞ்சு தொங்குது, தொட்டியச் சுத்தி சேறு காஞ்சு பாளம் பாளமா வெடிச்சு, அதுல குளம்பு தடமெல்லாம் எப்பவோ பதிஞ்சு கல்லா இறுகி கிடக்கு. மாப்ள என்ன பாக்கறான், நான் அவன பாக்கறேன்.

மத்தியானம் கேட் வழியா நடந்து வெளிய வந்தா அங்க ஒரு போர்டு. இருட்டுல வண்டில உள்ள போனதால பாக்க வழியில்ல. கேம் அண்ட் ஃபிஷ் போர்டு, வாக்-இன் ஏரியா! அதாவது நில ஓனருக்கு அரசாங்கமே காசு குடுத்து பப்ளிக்குக்கு தொறந்து விட்ட எடம், யார் வேணா ஓசில நடந்து போய் வேட்டை ஆடலாம். இதத்தான் எங்களுக்கு பிரைவேட் ரேன்ச்னு வித்திருக்கான்.

அடுத்தது எல்க். இதுலதான் நாங்க மாட்டியிருப்போம். வயோமிங்ல ஒரு சட்டம், வெளி மாநிலத்துக்காரங்க ஃபெடரல் வில்டர்னஸ்குள்ள பெரிய மிருக வேட்டைக்கு போகணும்னா லைசன்ஸ் வாங்குன கைடு கூட இருக்கணும், இல்லைனா உள்ளூர்க்காரர் ஒருத்தர் அதுக்குனு இருக்க இலவச பர்மிட் எடுத்து கூட வரணும். ஹைக்கிங், மீன் புடிக்கிறதுக்கெல்லாம் வேணாம், வேட்டைக்கு மட்டும்தான். சாதாரண நேஷனல் ஃபாரஸ்ட்ல இந்த ரூல் இல்ல. நாங்க போன பாதை ஹஸ்டன் பார்க் வில்டர்னஸ் எல்லைக்கு போகுது, ஃபோன்ல மேப்ப பார்த்தா கோடு எங்களுக்கு நூறு அடில இருக்கு. அந்த பையன் "இதுக்கு மேல நீங்க போங்க, நான் சாயங்காலம் வந்து கூப்ட்டுக்கறேன்"ங்கறான்.

"தம்பி, உன் கைடு லைசன்ஸ காட்டு"னேன். வண்டில இருக்குன்னான். வண்டிக்கு போலாம்னேன். ஆபீஸ்ல இருக்குன்னான். முகமெல்லாம் செவந்து போச்சு பாவம், அவனையும் ஏமாத்திதான் அனுப்பியிருக்காங்கன்னு நெனைக்கிறேன். கோட்ட தாண்டி உள்ள போயி கேம் வார்டன் புடிச்சிருந்தா ஃபைன் கட்டறது நாங்க, லைசன்ஸ் போறதும் எங்களுக்குத்தான், அவன் பாட்டுக்கு போயிட்டே இருப்பான்.

அங்கயே கும்புடு போட்டுட்டு கிளம்பிட்டோம். மிச்ச நாள் வில்டர்னஸ் இல்லாத ஃபாரஸ்ட்ல நாங்களாவே நடந்தோம், ஒரு நாள் காலைல ஆஸ்பென் மரத்துக்கு நடுவுல ஒரு ஆண் எல்க் கத்திக்கிட்டே எறங்கி வந்தான், காத்து மாறிச்சு, ஓடிட்டான். அது வேட்டை, அதுல யார் மேலயும் வருத்தம் இல்ல.

வீட்டுக்கு வந்து தோண்டுனா இன்னொரு கூத்து. கான்ட்ராக்ட்ல ஒரு அவுட்ஃபிட்டர் (காசு வாங்கிட்டு வேட்டை ஏற்பாடு பண்றவர்) லைசன்ஸ் நம்பர் போட்டிருந்தாங்க, அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடியே மாநில அவுட்ஃபிட்டர் போர்டு லிஸ்ட்ல அத பார்த்திருந்தேன், இருந்துச்சு. நம்பர் உண்மைதான், ஆனா ஆள் வேற. அந்த நம்பருக்கு சொந்தக்காரர தேடி புடிச்சு பேசினா, மனுஷன் கொதிச்சிட்டாரு, அவருக்கு இந்த மலைப்பக்கம் கேம்ப்பே கிடையாதாம், இந்த பார்ட்டி யாருன்னே தெரியாதாம். அதனால லிஸ்ட்ல நம்பர் இருக்கானு பார்த்தா மட்டும் பத்தாது, லிஸ்ட்ல பேருக்கு பக்கத்துல இருக்க ஃபோனுக்கு நீங்களே அடிச்சு "இந்த தேதில இந்த ஏரியால எனக்கு வேட்டை புக் ஆகியிருக்கா"னு கேளுங்க. நேஷனல் ஃபாரஸ்ட்ல காசு வாங்கிட்டு கைடு பண்றவனுக்கு ஃபாரஸ்ட் சர்வீஸ் பர்மிட்டும் வேணும், அந்த ஊர் ரேஞ்சர் ஆபீஸ்ல கேட்டா சொல்வாங்க. கூட வர்ற கைடு பேர முன்னாடியே வாங்கி அதயும் போர்டுல செக் பண்ணுங்க. ரேன்ச்னு சொன்னா மேப்ல பின் அனுப்ப சொல்லி, கேம் அண்ட் ஃபிஷ் சைட்ல இருக்க வாக்-இன் மேப்போட வச்சு பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. பின் அனுப்ப மாட்டேன்னா அங்கயே விட்டுருங்க.

அவுட்ஃபிட்டர் போர்டுக்கு ரெண்டு பேரும் எழுத்துல கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கோம், ஃபோட்டோ, மெசேஜ், மேப் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் சேர்த்து. பணம்? நான் கிரெடிட் கார்டுல கட்டியிருந்தேன், டிஸ்ப்யூட் போட்டு அட்வான்ஸ் திரும்ப வந்துருச்சு. மாப்ளகிட்ட அந்த பார்ட்டி நைசா பேசி கார்டுக்கு 3 பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும்னு Zelle-ல (பேங்க்ல இருந்து நேரா பணம் அனுப்பற சர்வீஸ்) அனுப்ப வச்சுட்டாங்க, நீங்களாவே அனுப்புனதுங்கறதால ஒண்ணும் பண்ண முடியாதுனு பேங்க்ல சொல்லிட்டாங்க, அவன் இப்ப ஸ்மால் க்ளெயிம்ஸ் கோர்ட்டுக்கு ஃபார்ம் நிரப்பிட்டு இருக்கான்.

இதே பார்ட்டிகிட்ட மாட்டுனவங்க இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, பேர அங்க சொல்றேன், கம்ப்ளெயிண்ட சேர்த்தே குடுக்கலாம்.