அடுக்களை பிளக் பாயிண்டை இரட்டையாக்கி மூன்று வருடம்

எங்கள் ஊர் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். எங்கள் வீடு அதற்கும் மூத்தது. கனத்த செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. ஒயரிங் எல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் அடுக்களைக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட். மிக்சி ஓடினால் கிரைண்டர் நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து யாராவது போனைச் சார்ஜ் போட்டிருந்தால் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு டி-பிளக்கை வைத்துப் பல வருடம் ஓட்டினோம். கெட்டில் வாங்கிய வாரத்திலேயே அது இளகிப்போனது.

2022 பங்குனியில் புளியரையிலிருந்து எலக்ட்ரீசியன் அண்ணாச்சியை வரவழைத்தேன். பெட்டியைப் பெரிதாக்கச் சுவரைக் கொத்தினார். இரண்டு அடி விழுந்ததுமே சாந்து மாவு மாதிரி கொட்டியது. "வேண்டாம் தம்பி, செங்கல்லே கையோட வந்துரும்" என்று உளியைக் கீழே வைத்துவிட்டு, பழைய குழிக்கு மேலேயே ஆறு மாட்யூல் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் திருகினார். சுவிட்சுக்கு ஒரு இடம், சாக்கெட்டுக்கு இரண்டு; இரண்டு சோடி சேர்ந்தால் ஆறு. இரண்டு சாக்கெட்டுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் சம்மதிக்கவில்லை, நல்லவேளை. சாமானும் கூலியுமாக 1,100 ரூபாய்.

ஆறு மாதம் சொர்க்கம். ஒரு பக்கம் மாவு ஆடிக்கொண்டிருக்கும், மறுபக்கம் சட்னி தயாராகிவிடும்.

ஐப்பசி மழையில்தான் வினை வந்தது. ஒருநாள் காலை, கெட்டிலும் மிக்சியும் ஒன்றாக ஓடும்போது மீன் வாடை. அன்று வெள்ளிக்கிழமை, வீட்டில் மீனே கிடையாது. சூடேறிக் கருகும் பிளாஸ்டிக்குக்கு அப்படி ஒரு வாடை உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு பிளேட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு கைப்பிடி ஈரமண்ணும் எறும்பு முட்டையும். அதைத் தள்ளினால், முதல் சாக்கெட்டின் நியூட்ரல் திருகில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பக்கத்துத் திருகில், இரண்டு ஒயர்களைச் சேர்த்து முறுக்கி மாட்டியிருந்தது. அதில் ஒன்று விரல் பட்டதும் ஆடியது. அதன் தோல் அரை அங்குலத்துக்குப் பழுப்பேறி, நகத்தால் கீறியதும் உதிர்ந்தது. திருகு லூசானால் அந்த இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடு.

அண்ணாச்சி வந்து கணக்குப் போட்டார். கெட்டில் 1,500 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். மிக்சி 750 வாட், அது மூன்றேகால். கிட்டத்தட்டப் பத்து. சுவருக்குள் இருப்பதோ 1/18 என்று பழைய ஆட்கள் சொல்லும் மெல்லிசான ஒற்றைக் கம்பி. சாக்கெட்டும் 6 ஆம்பியர்தான் தாங்கும். "ஓட்டையத்தான் ரெண்டாக்கலாம் தம்பி, ஒயரு அதே ஒயருல்லா" என்றார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கெட்டில் இருக்கிற விஷயத்தை நானும் அவரிடம் சொல்லவில்லை. மெயின் போர்டில் இருந்த பீஸ் கேரியரில், சுமை கூடினால் உருகி அறுந்துபோகிற மெல்லிய கம்பிக்குப் பதிலாக, யாரோ எப்போதோ தடித்த கம்பியைச் சுற்றிவைத்திருந்தார்கள். வீடே எரிந்தாலும் அது போயிருக்காது.

டெஸ்ட் பல்பை லைனுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார், எரிந்தது. லைனுக்கும் எர்த்துக்கும் வைத்தார், இருட்டு. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் ஒயரே அந்தப் பாயிண்டுக்கு வரவில்லை. சாக்கெட்டின் மேல் ஓட்டை வெறும் அலங்காரம். ஈரத்தரையில் நின்று கிரைண்டரைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது என்று அம்மா சொன்னதை நாங்கள் வயசு என்று நினைத்திருந்தோம்.

இந்த முறை மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயரையும் எர்த்தையும் பிளாஸ்டிக் பட்டிக்குள் தனியாக இழுத்து, சுமை மிஞ்சினால் தானாக விழுந்துவிடும் 16 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் போட்டு, கெட்டில் பக்கம் 16 ஆம்பியர் சாக்கெட்டாக மாற்றினோம். கையோடு, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும். முதல் செலவைப் போல நாலு மடங்கு ஆனது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

அதன்பிறகு வாடையோ சூடோ இல்லை. குறைகள் உண்டு. பெட்டி சுவரை விட்டு இரண்டு அங்குலம் துருத்திக்கொண்டு நிற்பதால் மாவு டின் இடிக்கிறது. போன் சார்ஜரின் தடித்த தலை பக்கத்துச் சுவிட்சில் பாதியை மறைக்கிறது. தினமும் பிடுங்கி மாட்டும் மிக்சிப் பக்கம் பிடிப்பு தளர்ந்து பிளக் தொங்க ஆரம்பித்ததால் அந்தச் சாக்கெட்டைச் சென்ற வருடம் மாற்றினேன். விளிம்பில் சிலிக்கான் பூசியும் எறும்பு வருகிறது. ஒயர் நுழையும் துளையை அடைத்த பிறகுதான் குறைந்தது.

வருடா வருடம் ஆனிச் சாரலுக்கு முன்னால் மெயினை இறக்கிவிட்டு எல்லாத் திருகையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கிறேன். இந்த வருடம் ஒன்றே ஒன்று கால் சுற்று இறங்கியது. அதே பழைய நியூட்ரல் பக்கம்.