துருவ ஒளி மரச்செதுக்கு அச்சு: வெளிச்சம் முழுக்க வெறுந்தாள்

பனிக்கடலில் இறுகிப்போன பாய்க்கப்பல், அதற்கு மேலே திரைச்சீலை போல மடிந்து தொங்கும் துருவ ஒளி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் புத்தகம் ஒன்றிலிருந்து கழற்றிய இந்த ஒற்றைத் தாள், இணையத்தில் விற்பவர் ஒருவரிடமிருந்து குழாயில் சுருட்டிக் கிளிநொச்சிக்கு வந்தது. அளவு 25க்கு 16 சென்ரிமீற்றர். படம் அருமை. கூட வந்த விபரக்குறிப்பில் அரைவாசி பிழை.

'செப்புத்தகட்டு அச்சு' என்று போட்டிருந்தது. தகட்டில் அச்சடித்தால், ஓரம் வெட்டப்படாத தாளில் படத்தைச் சுற்றித் தகடு அமுக்கிய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். மையும் சற்று மேடாக நிற்கும். இதில் இரண்டும் இல்லை. பத்து மடங்கு லென்ஸை வைத்தால் வானத்துக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு நேராக ஓடுகிறது. செதுக்குவதற்கான பொக்ஸ் மரம் அகலமாகக் கிடைக்காது. சிறு கட்டைகளைச் சேர்த்து இறுக்கித்தான் பெரிய அச்சுக்கட்டை செய்வார்கள். பொருத்து இளகிய இடம்தான் அந்தக் கோடு. இது மரச்செதுக்கு. பழைய படத்தைப் படம்பிடித்துப் பிரதி எடுத்தாலும் கோடு வரும் என்பதால், அப்படியான பிரதியைக் காட்டிக்கொடுக்கும் அச்சுப் புள்ளிகளையும் தேட வேண்டும். இந்தத் தாளில் புள்ளி இல்லை, கோடுகள் முழுக் கறுப்பாக ஓடுகின்றன.

மரச்செதுக்கில் உளி பட்ட இடம் மை வாங்காது. ஒளிக்கற்றை ஒவ்வொன்றும் உளி இழுத்த கோடு, அதாவது மை படாத தாள். கற்றைகளுக்கு ஊடாக நட்சத்திரங்களைக்கூட விட்டிருக்கிறார் செதுக்கியவர்; உண்மையிலும் அப்படித்தான் தெரியும். ஒளியின் கீழ்விளிம்பு பனிமலைக்கு முன்னால் வந்து இறங்குவதுதான் தவறு. அது ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பது.

அச்சின் மேல் பூசியிருக்கும் பச்சையும் சிவப்பும் 'அந்தக் காலத்து நிறம்' என்று குறிப்பு சொல்வதை நம்பவேண்டாம். மடிப்பு உடைந்த இடத்தில் நிறம் இழைக்குள் ஊறியிருக்கிறது. மடிக்க முந்திப் பூசியிருந்தால் அங்கே உதிர்ந்து வெள்ளை தெரியும். பூசியவர் ஒளியின் கீழ்ப்பாதி முழுக்கச் சிவப்பு அடித்திருக்கிறார். உண்மையான துருவ ஒளியில் ஒக்சிசன் தரும் சிவப்பு 200 கிலோமீற்றருக்கு மேலே, பச்சை அதற்குக் கீழே. அடியில் இளஞ்சிவப்பு வருவதுண்டு, மெல்லிய ஓரமாக மட்டும். நிறம் பூசாத தாள் கிடைத்தால் அதையே வாங்குங்கள். நிறம்தான் வேண்டுமென்றால் வானியல் ஓவியர் ட்ரூவெலோ 1872 மார்ச் 1இல் பார்த்து வரைந்த துருவ ஒளியின் நிற லித்தோ (கல்லச்சு) இருக்கிறது, அதன் நல்ல பிரதி போதும்.

தாள் மரக்கூழ், அமிலம் உள்ளேயே இருக்கிறது. வன்னி வெக்கையில் தாள் பழுப்பேறும். வெளிச்சம் முழுக்க வெறுந்தாள் என்பதால் முதலில் மங்குவது துருவ ஒளிதான். ஆகவே அச்சுக்குக் கொடுத்த காசைவிடப் பிறேமுக்குக் கூடினாலும் பரவாயில்லை. பிறேம் கடையில் படத்தைச் சுற்றி ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டையாகச் சாதாரண காட்போட் வைக்க விடாதீர்கள். சில வருடத்தில் ஜன்னல் வெட்டிய ஓரம் நெடுகத் தாளில் கபிலக் கோடு விழும். அமிலமற்ற மவுண்ட் கேட்டு வாங்குங்கள், கண்ணாடி தாளில் முட்டக்கூடாது. செலோரேப் வேண்டவே வேண்டாம், அந்தக் கறை போகாது. மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், ஜப்பானிய மெல்லிய தாளைக் கோதுமை ஸ்ராச் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் ஐப்பசி ஈரத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலையடிக்கும்.

வாடைக்காற்றோடு மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உட்சுவரிலும் பிறேமின் கீழ்மூலைகளில் 5 மில்லிமீற்றர் தக்கைத்துண்டு வைத்தால் பின்னால் காற்றோடும், கறையான் மண் ஏறினாலும் கண்ணில் படும். ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்குள் திறந்து பார்க்க வேண்டாம்; தை பிறந்து நாலு நாள் வெயில் எறித்தபின் கழற்றிப் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்.