கொழுப்பு காட்டும் எடை மெஷின்: நான்கு மாதம் பயன்படுத்திப் பார்த்ததில்

ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். கண்ணாடிப் பலகை, அதில் கால் வைக்க நான்கு உலோகப் பட்டைகள், கூடவே போனில் ஒரு ஆப். எடை மட்டும் பார்ப்பதற்கு என்றால் குறையே சொல்ல முடியாது. பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினால் அப்படியே 5 கிலோ கூட்டிக் காட்டுகிறது.

ஆனால் நான் வாங்கியது கொழுப்பைத் தெரிந்துகொள்ள. அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கு வயது 43, எடை 64 கிலோ, ஆள் ஒல்லிதான், தொப்பை மட்டும் தனியாகத் தெரியும். முதல் நாள் ராத்திரி 26.4 சதவீதம் என்று காட்டியதும் பயந்துவிட்டேன். மறுநாள் காலையில் 24.1. அதாவது ஒரே ராத்திரியில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு போய்விட்டதாம்! ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது, நான்கு நாள் பட்டினி கிடந்தால்கூட அவ்வளவு கரையாது.

மாறியது உடம்பிலிருந்த தண்ணீர்தான். மெஷின் ஒரு காலில் மெல்லிய மின்சாரத்தை அனுப்பி மறுகாலில் வாங்குகிறது. தசையில் தண்ணீர் அதிகம், சுலபமாகப் போகும், கொழுப்பில் தடைபடும். அந்தத் தடையோடு வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். ஈரக்கால், வெடிப்பு விழுந்த பாதம் என்றால் அதுவும் மாறும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது 'உள்ளுறுப்புக் கொழுப்பு 9' என்று அது உறுதியாகச் சொல்வது. காலோடு ஏறி காலோடு இறங்கும் மின்சாரம் குடல், கல்லீரல் பக்கம் பெரிதாகப் போவதே இல்லை. நம்மவர்களுக்கு முக்கியமானதே அந்த இடத்துக் கொழுப்புதான். புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் 2004இல் தங்களையே அளந்து லான்செட் மருத்துவ இதழில் படத்தோடு போட்டார்கள்: இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை மெஷினில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு உடம்புக்குள் இவ்வளவு வித்தியாசம். வயிற்றுப் பக்கக் கொழுப்பைக் கணிக்க வீட்டில் தையல் டேப் போதும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். எனக்கு 93.

அப்புறம் அந்த ஆப். 68 வயது அம்மா ஆசையாக ஏறி நின்றார், திரை முழுக்கச் சிவப்பு. "எல்லாத்தையும் கரைச்சிடணும்டா" என்று அன்றிலிருந்து ராத்திரி ஒரு தோசையோடு எழுந்துவிடுவார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கொழுப்பு என்றாலே கழிவு என்று யார் சொன்னது? "போதும், சாப்பிட்டாச்சு" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புத் திசுவிலிருந்துதான் வருகிறது, 1994இல் கண்டுபிடித்தார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்குக் கொஞ்சநஞ்சம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கிடைப்பதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். கொழுப்புத் திசுவே சரியாக உருவாகாத அபூர்வ நோய் உள்ளவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது, ஏனென்றால் சேர்த்து வைக்கக் கிடங்கு இல்லாமல் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய் அடைகிறது. இவ்வளவு ஏன், மெஷின் மேல் நிற்கும்போது அம்மாவின் குதிகாலுக்குள் மெத்தையாக இருப்பதும் கொழுப்புதான்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஞாயிறு காலை, காபிக்கு முன்னால், காய்ந்த காலோடு ஒரு தடவை மட்டும் பாருங்கள், இரண்டு மூன்று மாதப் போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், மூன்றும் எடைக்காக.

ஆப்பில் அம்மாவின் பெயரை எடுத்துவிட்டேன். இப்போது எடை மட்டும் பார்க்கிறார், தோசை பழையபடி மூன்று.