பெக்கட் அதிரச மா: நுவரெலியாக் குளிரில் தேறுமா?

தீபாவளி நெருங்கும்போது நுவரெலியாவில் வெயிலைத் தேடுவது வீண்வேலை. ஐப்பசி மழை, அது விட்டால் பனிமூட்டம். அதிரசத்துக்கு ஊறிய பச்சரிசியைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் இடித்துவிட வேண்டும் என்பார்கள். நிழலுக்கு இங்கே பஞ்சமே இல்லை, அரிசிதான் உலர மாட்டேன் என்கிறது. அதனால்தான் டவுன் கடையில் "தண்ணீர் மட்டும் சேர்த்தால் போதும்" என்று போட்டிருந்த அதிரச மா பெக்கட்டை எடுத்தேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

பிரித்ததும் வாசம் பிரமாதம். அரிசி மா, வெல்லத்தூள், ஏலம், சுக்கு. சுக்கில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

சட்டியில் போட்ட பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. ஓரம் கறுக்கிறது, நடுவில் விண்டு பார்த்தால் மா நறநறவென்று பல்லில் படுகிறது. மெல்லிசாகத் தட்டினால் தட்டை மாதிரி விறைக்கிறது. காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. அதிரசத்துக்கு வேண்டியது ஈர மா, பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அதில் கொதிக்கும் பாகை ஊற்றிக் கிளறும்போது அந்தச் சூட்டிலேயே மா பாதி வெந்துவிடும், பிறகு ஒரு நாளாவது ஊறும், அதில்தான் உள்ளே மெத்தென்று வரும். காய்ந்த மாவையும் வெல்லத்தூளையும் பச்சைத் தண்ணீரில் குழைத்தால் அது எப்படி வரும்?

அடுத்தது, அரை மணி நேரம் அறை வெப்பத்தில் வைக்கச் சொல்கிறார்கள். யார் வீட்டு அறை? எங்கள் குசினியில் ராத்திரி பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். அடுப்புப் பக்கத்தில் விடியும்வரை மூடி வைத்த மா கொஞ்சம் தேவலை. தேங்காய் எண்ணெயில் பொரிக்கவும் என்றும் போட்டிருக்கிறது. அந்த எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், ஆறிய அதிரசத்தின் மேல் வெள்ளையாகப் படிந்து நாக்கில் மெழுகாக ஒட்டுகிறது. மலையில் நல்லெண்ணெய்தான் சரி.

பாகுக்குப் பயந்துதான் பலபேர் இந்த பெக்கட்டை வாங்குகிறார்கள், அது எனக்குப் புரிகிறது. வீடியோ பார்த்து தெர்மாமீட்டர் வைத்துப் பாகு காய்ச்சினால் இங்கே கட்டாயம் முற்றிவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர், தண்ணீரே 94 டிகிரி வாக்கில் கொதித்துவிடுகிறது, அதனால் அவர்கள் சொல்லும் கணக்கில் ஆறு டிகிரி குறைக்க வேண்டும். அதெல்லாம் எதற்கு, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டுங்கள், உருண்டை உருள வேண்டும், அழுத்தினால் நசுங்க வேண்டும். இந்தச் சோதனைக்கு மலையும் கடற்கரையும் ஒன்றுதான். வெல்லத்துக்குப் பதில் கித்துள் (கூந்தற்பனை) கருப்பட்டி போட்டால் நிறம் கறுத்தாலும் வாசம் ஊரைக் கூட்டும். ஆனால் சீனி கலந்த கருப்பட்டியும் விற்கிறது, வாங்கும்போது ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

அரிசி உலரவில்லை என்றால் ஃபேன் போடலாம். இந்த ஊரில் ஃபேன் வைத்திருப்பவரே அபூர்வம் என்பது வேறு கதை. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாதிரி, காற்று படும்படி மெல்லிசாகப் பரப்பி, இடையிடையே கிளறிவிட்டால் மழை நாளிலும் ஒரு மாதிரி பதத்துக்கு வந்துவிடும்.

அஞ்சுக்கு ரெண்டு கொடுக்கலாம், அதுவும் சுக்குக்காக. சாமிக்குப் படைக்க இது ஆகாது. மிச்ச மாவில் கனிந்த கதலிப்பழத்தைப் பிசைந்து, ஒரு சிட்டிகை சோடா போட்டுக் குழிப் பணியாரமாகச் சுட்டேன், அது நன்றாகவே இருந்தது. அப்படிச் சுட நினைப்பவர்கள் மட்டும் வாங்குங்கள்.