ஹவில்தார் மெடல் செட் கட்ட வேலூரில் ஒரு கடை: தையலுக்குப் போகலாம், ஃபிரேமுக்கு வேண்டாம்

லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டில், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனதும் அதில் 14 பேர் உயிர் விட்டதும் பொறித்திருக்கிறது. வேலூர் பக்கத்துக் கிராமமான கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். பீரோவில் மெடல் இல்லாத தெரு குறைவான இந்த ஊரில், பஜார் ஓரம் யூனிஃபார்ம் தைக்கும் ஒரு சின்னக் கடை, மெடல்களையும் கோட்டில் குத்த வரிசையாகக் கட்டித் தருகிறது.

நான் கொடுத்தது 1971 போர்க்களத்து ஹவில்தார் ஒருவரின் செட்: வீர் சக்ரா (போர்க்கள வீர விருது), பூர்வி ஸ்டார் (கிழக்குப் போர்முனைக்கு), சங்க்ராம் மெடல் (அந்தப் போர்க்காலச் சேவைக்கு), 25-ஆவது சுதந்திர ஆண்டு மெடல், 9 வருட சர்வீஸ் மெடல். வரிசையும் இதுதான். வீர் சக்ரா நெஞ்சின் நடுப்பக்கம், மற்றவை தோள் நோக்கி. "டிஸ்சார்ஜ் புக் கொண்டாந்தீங்களா சார்?" என்று, ராணுவம் தரும் பணிப் பதிவுப் புத்தகத்தைக் கடைக்காரர் முதலில் கேட்டது நல்ல அறிகுறி. அதில் உள்ளதைத்தான் கட்டுவாராம்.

தையலில் குறை சொல்ல முடியாது. ரிப்பன் ஒவ்வொன்றும் 32 மி.மீ. அகலம், ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 16 செ.மீ. ஆகி, கோட்டின் கை இணையும் தையல் வரை ஓடிவிடும். ஏழெட்டு மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி 13 செ.மீ.க்குள் அடக்கிவிட்டார். மதிப்பில் உயர்ந்த மெடல் முழுதாகத் தெரிய வேண்டும், அடுத்தது அதன் அடியில் போக வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. அட்டையின்மேல் ரிப்பனை இழுத்து, மெழுகு தேய்த்த நூலால் மெடலை அந்த அட்டையோடு தைத்திருக்கிறார். நடந்தால் கிலுகிலுவென்று ஆடாது, ஒன்றோடொன்று உரசித் தேயாது.

சறுக்கியது ரிப்பனில். வீர் சக்ராவுக்குப் பாதி கருநீலம், பாதி காவி. காவிப் பாதி இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். எதிரில் நின்று பார்ப்பவருக்கு அது வலப்பக்கம். முதல் தடவை தலைகீழாகத் தைத்து வைத்திருந்தார்கள். சொன்னதும் முகம் சுளிக்காமல் பிரித்து மாற்றியது நியாயம்தான், ஆனால் பழைய ரிப்பனில் ஊசித் துளை விழுந்துவிட்டது. வெள்ளையும் காவியும் கலந்த மகா வீர் சக்ராவுக்கும் இதே விதி. சேனா மெடலுக்குக் குழப்பமில்லை, சிவப்பு நடுவே ஒரு வெள்ளைக் கோடு, எப்படித் திருப்பினாலும் ஒன்றே. கொடுக்கும்போதே துண்டுச் சீட்டில் படம் வரைந்து கொடுத்துவிடுங்கள்.

சுவரில் அப்துல் ஹமீது படம் மாட்டியிருக்கிறார்கள். 1965 செப்டம்பரில் அசல் உத்தரில் ஜீப் மேல் பொருத்திய ரீகாயில்லஸ் (பின்னுதைப்பு இல்லாத) பீரங்கித் துப்பாக்கியால் டாங்கிகளை அடித்து நொறுக்கிய, பரம் வீர் சக்ரா பெற்ற ஹவில்தார். படத்துக்குக் கீழே தொங்கும் நகல் மெடலின் ரிப்பனோ நீலம்! அது ஊதாவாக இருக்க வேண்டும். மெடல் கட்டுகிற கடைக்கு இது அழகில்லை.

கண்ணாடி ஃபிரேம் வேலையை இங்கே கொடுக்காதீர்கள். ஹாட் க்ளூ வைத்து வெல்வெட்டில் ஒட்டுகிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பசை இளகும், மெடல் நழுவிக் கண்ணாடிக்குள் விழும். அதைவிட மோசம், வீரரின் நம்பர், ரேங்க், பெயர் பொறித்த விளிம்பு பசைக்குள் புதைந்துபோவது. பின்னால் வைக்கும் ரப்பர் ஸ்பாஞ்ச்சில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்; வீர் சக்ரா வெள்ளி.

"பளபளன்னு ஆக்கித் தரவா?" என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பிராஸோ என்ற உலோக பாலிஷைத் தேய்க்கத் தேய்க்க விளிம்பு எழுத்து மழுங்கும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு மைல்டு சோப்பு, பருத்தித் துணி, உடனே ஈரம் ஒற்றி எடுப்பது, அது போதும். ரிப்பனைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்; நனைந்தால் சாயம் இறங்கும்.

கூலி மெடல் கணக்கில் வாங்குகிறார்கள், புது ரிப்பனுக்குத் தனிக் காசு. நான்கு நாளில் தந்தார்கள். கொடுக்குமுன் விளிம்பு எழுத்து தெரிய ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.